டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: வெளிநாடு போகிறவர்களுக்கான மருத்துவக் காகிதங்கள்

மருத்துவக் காகிதத்தால் ஒரு பயணம் தடைபட்டால் அதற்குக் காரணம் பெரும்பாலும் தேதி அல்லது பெயர். ஊசி போட்டிருப்பார்கள், பத்து நாள் ஆகியிருக்காது. பரிசோதனையில் தேறியிருப்பார்கள், சான்றிதழில் ‘எஸ். முருகன்’ என்று இருக்கும், பாஸ்போர்ட்டில் ‘முருகன் செல்வராஜ்’ என்று இருக்கும். மீனம்பாக்கத்தில் செக்-இன் கவுன்டரில் நின்றுகொண்டு இந்த இரண்டையும் சரிசெய்ய முடியாது. அதனால் டிக்கெட் கையில் வந்ததும் காலண்டரை எடுத்துப் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பரிசோதனைக்கு எத்தனை நாள், ஊசிகளுக்கு நடுவே எத்தனை நாள், சான்று செல்லுபடியாக எத்தனை நாள் என்று அப்போதே தெரிந்துவிடும்.

எண்ணத் தொடங்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். எந்த நாட்டுக்குப் போகிறீர்கள்? எந்த ஊர் வழியாக? எந்த நாட்டிலிருந்து சென்னை திரும்புகிறீர்கள்? பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். மஞ்சள் காய்ச்சல் விஷயத்தில் மாட்டிவிடுவது மற்ற இரண்டும்தான்.

பெயர்

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது தனிச் சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் ‘சர்நேம்’ கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் ஆஸ்பத்திரிச் சீட்டிலும் இனிஷியலோடுதான் பெயர் இருக்கும். மருத்துவமனைப் பதிவில் ஆதாரைக் காட்டினால் சான்றிதழும் ஆதார் பெயரிலேயே வரும்.

தடுப்பூசிச் சான்று, எக்ஸ்ரே அறிக்கை, மருந்துச் சீட்டு, காப்பீடு எதுவானாலும் பதிவுக் கவுன்டரில் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். அதில் உள்ள எழுத்தும் வரிசையும் அப்படியே வரட்டும். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். ரசீதை வாங்கியதும் அங்கேயே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதில் உள்ள பிழைதான் அறிக்கைக்கும் போகும். அறிக்கை கணினியில் ஏறிய பிறகு திருத்துவது பெரிய வேலை.

இடையில் பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் சான்றில் பழைய எண் இருக்கும். ரத்து முத்திரை போட்ட பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் உடன் எடுத்துப் போங்கள். புதிய பாஸ்போர்ட்டில் பழைய எண் அச்சாகியிருப்பதால் இரண்டையும் பொருத்திக் காட்டலாம்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். மஞ்சள் காய்ச்சல் வேறு, மஞ்சள் காமாலை வேறு. பக்கத்து கிளினிக்கில் ‘மஞ்சள் ஊசி’ என்று கேட்டுக் காமாலைத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. அந்த ஹெபடைடிஸ் ஊசியால் இந்தப் பயணத்துக்குப் பயனில்லை. மஞ்சள் காய்ச்சல் ஊசியை மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், ராஜாஜி சாலையில் உள்ள துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். கிங் இன்ஸ்டிடியூட் வழி தெரியாவிட்டால் ஆட்டோக்காரரிடம் கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை என்று சொல்லுங்கள். இரண்டும் ஒரே வளாகம்தான்.

இந்த ஊசி யாருக்கு வேண்டும்? கானா, உகாண்டா போன்ற சில நாடுகள் எங்கிருந்து வருகிறவரானாலும் மஞ்சள் அட்டை, அதாவது இந்த ஊசி போட்டதற்கான சர்வதேசச் சான்று, இல்லாமல் உள்ளே விடுவதில்லை. வேறு பல நாடுகள் இந்தியாவிலிருந்து நேராக வருகிறவரிடம் கேட்பதில்லை. கென்யா அப்படிப்பட்ட நாடு. ‘கென்யாவுக்குத் தேவையில்லையாம்’ என்று கேள்விப்பட்டு ஊசி போடாமல் கிளம்புவது அதனால்தான். போகும்போது ஒருவரும் கேட்க மாட்டார்கள். சென்னையில் திரும்பி இறங்கும்போது நம் நாடு கேட்கும். இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் கென்யா, எத்தியோப்பியா, நைஜீரியா உட்பட ஆப்பிரிக்க நாடுகள் பலவும், பிரேசில், பெரு, கொலம்பியா போன்ற தென்னமெரிக்க நாடுகளும் இருக்கின்றன. அங்கிருந்து புறப்பட்டு 6 நாளுக்குள் சான்றில்லாமல் இந்தியா வந்தால், பாஸ்போர்ட் எந்த நாட்டுடையதானாலும் அதிகபட்சம் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இடம் கொடுக்கிறது.

6 நாள் என்பதற்கு மருத்துவக் காரணம் உண்டு. வைரஸ் உடலில் நுழைந்து நோய் வெளிப்பட 3 முதல் 6 நாள் ஆகும். இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் அதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, டெங்குவைப் பரப்பும் அதே கொசு, சென்னையின் மாடித் தொட்டிகளிலும் பூந்தொட்டித் தட்டுகளிலும் வேண்டிய அளவு இருக்கிறது. நோயோடு ஒருவர் வந்திறங்கினால் பரவ எல்லாம் தயார். விமான நிலைய சுகாதார அதிகாரிகள் இந்த ஒரு விஷயத்தில் சற்றும் தளராததற்கு அதுவே காரணம். அவர்கள் கறாராக இருப்பது நியாயமானது.

வழியில் மாறும் ஊரையும் பாருங்கள். எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா வழியாக வேறெங்கோ போய் வருகிறவர்களுக்கும் இந்த விதி பொருந்தும். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அடுத்த விமானம் ஏறியவருக்கு விலக்கு தரலாம் என்று விதியில் இருக்கிறது. ஆனால் அந்த விலக்கைத் தருவது சுகாதார அதிகாரியின் முடிவு. நீண்ட காத்திருப்புக்காக விமான நிறுவனம் ஊருக்குள் ஓட்டலில் தங்க வைத்தால் விலக்குக்கு வழியில்லை. அந்த வழியாக டிக்கெட் போடுகிறவர்கள் ஊசி போட்டுக்கொள்வதே நல்லது. ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

ஆமாம், ஆயுளுக்கும். பழைய அட்டைகளில் 10 ஆண்டு என்று எழுதியிருக்கும். 2016 ஜூலை 11 முதல் சர்வதேச சுகாதார விதிகளின்படி ஒரு முறை போட்ட ஊசி வாழ்நாள் முழுக்கச் செல்லும். அந்தத் தேதிக்கு முன்னால் போட்டதற்கும் இது பொருந்தும். 2009இல் போட்ட அட்டை வீட்டில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள், மறுபடியும் போட வேண்டியதில்லை.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். ஜூன் 1ஆம் தேதி போட்டால் 11ஆம் தேதியிலிருந்து செல்லும். 9ஆம் தேதி விமானம் என்றால் அட்டை கையில் இருந்தும் பயனில்லை. மையங்களில் எல்லா நாளும் ஊசி போடுவதுமில்லை. ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மிஞ்சினால் கொட்ட வேண்டியதுதான். அதனால்தான் குறிப்பிட்ட நாள், குறிப்பிட்ட நேரம், முன்பதிவு என்று வைத்திருக்கிறார்கள். இருப்பு தீர்ந்துபோகும் காலமும் உண்டு. பயணத்துக்கு 30 நாள் முன்பே முன்பதிவு செய்துவிடுங்கள். கிளம்பும் முன் மையத்தில் ஒரு தடவை கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

போகும்போது அசல் பாஸ்போர்ட், அதன் முதல் பக்கம் கடைசிப் பக்கம் நகல், முன்பதிவுச் சீட்டு, நீங்கள் தினமும் சாப்பிடும் மருந்துகளின் பட்டியல் ஆகியவை வேண்டும். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். தோலுக்கு அடியில் அரை மில்லி மருந்து, ஒரே ஊசி. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். ஒவ்வாமை வந்தால் அந்த நேரத்தில்தான் வரும்.

இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி. அதனால் எல்லோருக்கும் போட மாட்டார்கள். முட்டை சாப்பிட்டால் கடுமையான ஒவ்வாமை வருகிறவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள், ஸ்டீராய்டு அதிக அளவில் எடுப்பவர்கள், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். 9 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் போடுவதில்லை. கர்ப்பிணிகளும், கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறவர்களும் மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும். 60 வயது தாண்டிய பிறகு முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அப்பா அம்மாவை சஃபாரிக்கு அழைத்துப் போகும் பிள்ளைகள் டிக்கெட் போடும் முன்பே அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். போடக் கூடாது என்று மருத்துவர் முடிவு செய்தால் காரணத்தை எழுதி விலக்குச் சான்று தருவார். மஞ்சள் அட்டையிலேயே அதற்கு இடம் உண்டு. அதை ஏற்பது அந்தந்த நாட்டு அதிகாரியின் கையில். திரும்பி வரும்போது தனிமைப்படுத்தப்படவும் கூடும்.

எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான ஊசி), சின்னம்மை ஊசி போன்ற வேறு உயிருள்ள ஊசிகளும் தேவைப்பட்டால் மஞ்சள் காய்ச்சல் ஊசியோடு ஒரே நாளில் போட வேண்டும், அல்லது 4 வாரம் இடைவெளி விட வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் ஒன்றைப் போட்டுவிட்டுப் பத்து நாளில் அடுத்ததற்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பின்னோக்கி எண்ணுவது இங்கேதான் கைகொடுக்கும்.

அட்டை கைக்கு வந்ததும் நகராமல் அங்கேயே சரிபாருங்கள். ஊசி போட்ட தேதியில் மாதம் எண்ணாக இல்லாமல் எழுத்தில் இருக்க வேண்டும். மருந்தின் தயாரிப்பாளர் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்க வேண்டும். மருத்துவரின் கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும், வெறும் ரப்பர் ஸ்டாம்ப் போதாது. மையத்தின் முத்திரை தெளிவாக விழுந்திருக்க வேண்டும். உங்கள் கையெழுத்துக்கான இடத்தில் கையெழுத்துப் போடுங்கள். குழந்தையின் அட்டையில் பெற்றோர் போட வேண்டும். ஒரு அட்டை ஒருவருக்கு மட்டும், குடும்பத்துக்கே சேர்த்து ஒன்று என்பது கிடையாது. அடித்தல், திருத்தல், வெள்ளை மை எது இருந்தாலும் சான்று செல்லாமல் போகலாம். பிழை தெரிந்தால் புது அட்டை எழுதித் தரச் சொல்லுங்கள், நீங்களே பேனாவை எடுக்காதீர்கள்.

வேலைக்கும் படிப்புக்கும் உடல் பரிசோதனை

வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் ‘காம்கா மெடிக்கல்’ என்றே சொல்கிறார்கள். இப்போது அதன் பெயர் வாஃபித். அதன் இணையதளத்தில் பாஸ்போர்ட் விவரம், போகும் நாடு, வேலை ஆகியவற்றைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், எந்தப் பரிசோதனை மையத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு சீட்டு வரும். அந்தச் சீட்டில் உள்ள மையத்தில் மட்டுமே பரிசோதனை செல்லும். முடிவையும் பாஸ்போர்ட் எண்ணைப் போட்டு அதே தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். இந்தப் பதிவை நீங்களே செய்ய முடியும். ஏஜென்ட் செய்துகொடுத்தாலும் பாஸ்போர்ட் எண்ணில் ஒரு எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள்.

எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மார்பு எக்ஸ்ரே, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரகம், பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை ஆகியவை இதில் அடங்கும். எக்ஸ்ரேயில் நுரையீரலில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தால் ‘தகுதியில்லை’ என்று வரலாம். நோய் எப்போதோ குணமாகியிருந்தாலும் தழும்பு படத்தில் தெரியும். முன்பு காசநோய் சிகிச்சை எடுத்தவர்கள் விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் செலவு செய்யும் முன் தனியாக ஓர் எக்ஸ்ரே எடுத்து நெஞ்சக நோய் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறோம். கடன் வாங்கி ஏஜென்டிடம் பணம் கட்டிய பிறகு இந்த முடிவு வந்தால் குடும்பமே ஆடிப்போகும்.

பிரிட்டனுக்கு 6 மாதத்துக்கு மேல் போகிற விசாவுக்கு, அந்நாட்டு அரசு அங்கீகரித்த கிளினிக்கில் காசநோய்ப் பரிசோதனை செய்த சான்று வேண்டும். அது 6 மாதம் செல்லும். வேறு ஆஸ்பத்திரியில் எடுத்த எக்ஸ்ரே எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே இல்லை, மருத்துவர் கேள்வி கேட்டுப் பார்ப்பார். படத்தில் சந்தேகம் வந்தால் தொடர்ந்து மூன்று நாள் காலையில் சளி மாதிரி கேட்பார்கள். அந்த மாதிரியை வளர்த்துப் பார்த்து முடிவு சொல்ல 8 வாரம் வரை ஆகும். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது என்றால் ஜூலைக் கடைசியில் எக்ஸ்ரே எடுப்பது ஆபத்து. மே மாதமே எடுத்துவிடுங்கள்.

பழைய சிகிச்சையின் ஆவணங்களைத் தேடி எடுங்கள். தாம்பரம் சானடோரியம் மருத்துவமனையிலோ மாநகராட்சி சுகாதார நிலையத்திலோ மாத்திரை வாங்கியிருந்தால் சிகிச்சை முடித்த சான்று, பழைய எக்ஸ்ரே ஃபிலிம், சளிப் பரிசோதனை முடிவு எல்லாம் வேண்டும். பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தழும்பு மாறாமல் இருக்கிறது என்று மருத்துவரால் எழுத முடியும்.

எக்ஸ்ரே நாளில் நீண்ட பின்னலைத் தூக்கி உச்சியில் கொண்டை போட்டுக்கொள்ளுங்கள். தோளில் தொங்கும் ஜடை படத்தில் நிழலாக விழுந்து நுரையீரலின் மேல்பகுதியை மறைக்கும். காசநோய்த் தழும்பைத் தேடுவதும் அந்த இடத்தில்தான். சங்கிலி, தாயத்து, ஊக்கு, உலோகக் கொக்கி வைத்த உள்ளாடை எல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் அன்று ஒரு நாள் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போகலாம், படம் எடுக்கும்போது அதை மேலே தூக்கிக் கட்டச் சொல்வார்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அறைக்குள் நுழையும் முன் சொல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை உள்ளவர்கள் மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள். ரத்தம் கலந்தால் மறுபரிசோதனை என்று இழுக்கும்.

கனடா, ஆஸ்திரேலியா போகிறவர்கள் அந்நாட்டு அரசுகள் நியமித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கு விசா விண்ணப்பத்தில் கிடைக்கும் எச்ஏபி எண் இல்லாமல் பரிசோதனைக்குப் பதிவாகாது. கனடாவுக்குச் செய்த பரிசோதனை 12 மாதம் செல்லும். இரண்டிலும் முடிவு நேராகக் கணினி வழியே அந்த நாட்டுக்குப் போய்விடும், உங்களுக்கு ஒரு தகவல் தாள் மட்டும் தருவார்கள். அதைத் தொலைக்காதீர்கள். அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான பரிசோதனையில் ஒட்டிய உறை கொடுத்தால் அதைப் பிரிக்கக் கூடாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் படிவம்

படிக்கப் போகிற பிள்ளைகள் வீட்டில் அதிகம் குழம்புவது இதில்தான். விசாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பல்கலைக்கழகம் தன் தடுப்பூசிப் படிவத்தை அனுப்பும், அதை நிரப்பித் தராவிட்டால் வகுப்புப் பதிவை நிறுத்திவைப்பார்கள்.

எம்எம்ஆர் இரண்டு தவணை கேட்பார்கள். முதல் தவணை முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதாகவும், இரண்டுக்கும் நடுவே குறைந்தது 28 நாள் இருப்பதாகவும் இருக்க வேண்டும். நம் ஊரில் 9 மாதத்தில் போட்ட தட்டம்மை ஊசி அவர்கள் கணக்கில் வராது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் போட்ட முகாம் ஊசி பலருக்கு நினைவிருக்கும். அது எம்ஆர், அதாவது தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் மட்டும். பொன்னுக்குவீங்கி அதில் இல்லை. ஆகவே முழு எம்எம்ஆர் தவணையாக அதை எழுத முடியாது. சந்தேகம் இருந்தால் இரண்டு வழிகள். ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி அளவைப் பார்க்கும் டைட்டர் பரிசோதனை செய்யலாம், அல்லது 28 நாள் இடைவெளியில் இரண்டு எம்எம்ஆர் போட்டுவிடலாம். இரண்டாவதே எளிது. கூடுதலாகப் போட்டாலும் கெடுதல் இல்லை, பல நேரம் செலவும் குறைவு.

சின்னம்மை ஊசியும் பெரியவர்களுக்கு இரண்டு தவணை, 4 முதல் 8 வார இடைவெளி. டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல் மூன்றுக்குமான டிடேப் ஒன்று. மூளைக்காய்ச்சலுக்கான நான்கு வகைத் தடுப்பூசி, 16 வயதுக்குப் பிறகு போட்டதாக இருக்க வேண்டும் என்பார்கள். ஹெபடைடிஸ் பி மூன்று தவணை 0, 1, 6 மாதக் கணக்கு. ஆகஸ்டில் புறப்படுகிறவர் ஏப்ரலில் தொடங்கினால் மூன்றாவதற்கு நேரமிருக்காது. இரண்டைப் போட்டுப் படிவத்தில் காட்டிவிட்டு மூன்றாவதை அங்கே போடுவதைப் பல பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன, மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காசநோய்க்கு மான்டூ தோல் பரிசோதனை அல்லது ஐஜிஆர்ஏ ரத்தப் பரிசோதனை. நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி போட்டிருப்பதால் மான்டூவில் வீங்கி ‘பாசிட்டிவ்’ என்று வரக்கூடும். ரத்தப் பரிசோதனையில் இந்தக் குழப்பம் வராது. படிவம் இரண்டையும் அனுமதித்தால் ஐஜிஆர்ஏ செய்யுங்கள். விலை அதிகம்தான், ஆனாலும் அமெரிக்கா போய் மறுபடி எக்ஸ்ரே எடுப்பதை விட மலிவு. மான்டூதான் என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்டி அளவெடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு, திங்கள் வரும், அன்று பார்க்க ஆள் இருக்குமா என்று கேளுங்கள். எம்எம்ஆர் போட்ட பிறகு மான்டூவோ ஐஜிஆர்ஏவோ செய்வதானால் 4 வாரம் பொறுக்க வேண்டும். அல்லது இரண்டையும் ஒரே நாளில் செய்துவிடலாம்.

படிவத்தில் தேதி மாதம்-நாள்-ஆண்டு என்ற வரிசையில் இருக்கும். மே 4 என்பதை நம் வழக்கப்படி 04/05 என்று எழுதினால் அங்கே ஏப்ரல் 5 ஆகிவிடும். இரண்டு தவணைக்கு நடுவே 28 நாள் இல்லை என்று திருப்பி அனுப்புவதில் இப்படி வருவதும் உண்டு. மருத்துவர் எழுதும்போது பக்கத்தில் இருந்து இதைச் சொல்லுங்கள். அவருடைய கையெழுத்து, முத்திரை, மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மூன்றும் இருக்க வேண்டும். குழந்தைப் பருவத் தடுப்பூசி அட்டையையும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஹஜ், உம்ரா

ஹஜ்ஜுக்கு ஏசிஒய்டபிள்யூ எனப்படும் நான்கு வகை மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சவூதியில் இறங்குவதற்குக் குறைந்தது 10 நாள் முன்பு போட்டிருக்க வேண்டும். கான்ஜுகேட் வகையானால் 5 ஆண்டும், பாலிசாக்கரைடு வகையானால் 3 ஆண்டும் செல்லும். எந்த வகை என்று சான்றில் எழுதியிருக்க வேண்டும், எழுதாவிட்டால் 3 ஆண்டாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஹஜ் கமிட்டி வழியாகப் போகிறவர்களுக்கு முகாமிலேயே போடுவார்கள், போலியோ சொட்டு மருந்தும் அங்கே உண்டு. தனியாக உம்ரா போகிறவர்களும் இந்த ஊசியைப் போட்டுச் சான்றைக் கையில் வைத்திருங்கள்.

மருந்துப் பெட்டி

மகளுக்கோ மருமகளுக்கோ பிரசவம் பார்க்க 6 மாதம் போகிற அம்மாக்களின் பெட்டியில் பாதி மருந்தாக இருக்கும். அமெரிக்காவுக்குப் பொதுவாக 90 நாள் அளவு வரை கொண்டுபோகலாம் என்பது வழிகாட்டல். சீட்டில் ‘தினம் இரண்டு, 90 நாள்’ என்றிருந்தால் பெட்டியில் 180 மாத்திரை இருக்க வேண்டும், 400 இருந்தால் கேள்வி வரும்.

மருத்துவரிடம் ஆங்கிலத்தில் கடிதம் வாங்குங்கள். நோயின் பெயர், மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை நாள், பதிவு எண், முத்திரை இவ்வளவும் வேண்டும். கடையில் விற்கும் பிராண்டுப் பெயரை மட்டும் எழுதினால் அங்குள்ள அதிகாரிக்குப் புரியாது. நம் பாராசிட்டமாலுக்கே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்று பெயர். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி டப்பாவில் கொட்டாதீர்கள், பெயர் அச்சான அட்டையோடு, கடை பில்லோடு போகட்டும். இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். சரக்கறைக் குளிரில் உறைந்தால் அது வீண்.

சில மருந்துகள் இங்கே சாதாரணம், வேறு நாட்டில் போதைப்பொருள் பட்டியலில் இருக்கும். மூட்டு வலிக்குத் தரும் அல்ட்ராசெட்டில் டிரமடால் இருக்கிறது. தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின், கோடீன் கலந்த இருமல் சிரப் இவையும் அப்படித்தான். ஐக்கிய அரபு அமீரகத்துக்கு இவற்றைக் கொண்டுபோக அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். சிங்கப்பூரிலும் சிலவற்றுக்கு அனுமதி தேவை. ஜப்பானுக்கு ஒரு மாதத்துக்கு மேற்பட்ட அளவு மருந்து என்றால் முன்னதாகவே இறக்குமதிச் சான்று வாங்க வேண்டும், சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள சளி மருந்து அங்கே தடை. முடிந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாறிவிடுவதே நிம்மதி.

அதோடு கசகசா. குருமாவுக்கு அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் சரி, வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோகவே கூடாது. அங்கே அது போதைப்பொருள் வழக்கு. யாராவது ‘என் பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்’ என்று பொட்டலம் கொடுத்தால் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பெயரில்லாத சித்த மருந்துப் பொடி, பஸ்பம், லேகியம் இவற்றையும் லேபிள் ஒட்டிய மூடிய டப்பாவில் மட்டும் எடுத்துப் போங்கள். ஆஸ்திரேலியா என்றால் வருகை அட்டையில் அதை எழுதிவிடுங்கள். மறைத்தால்தான் அபராதம்.

பேரக்குழந்தையைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிக்கு இன்னொன்று: டிடேப் ஊசியைக் குழந்தையைத் தொடுவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். நாட்டுக்குள் நுழைய இதைக் கேட்க மாட்டார்கள், குழந்தையின் மருத்துவர் கேட்பார்.

கடைசி வாரம்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். மூன்றிலும் அங்கே போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள்தான். சிங்கப்பூர் அட்டையில் உடல்நலக் கேள்விகளும் சேர்ந்தே இருக்கும். மாலத்தீவுக்கு 96 மணி நேரத்துக்குள். எல்லாமே இலவசம். தேடலில் முதலில் வரும் தளம் பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல, மூடிவிடுங்கள். ஐரோப்பிய ஷெங்கன் விசாவுக்கான காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும், பயண நாட்கள் முழுவதையும் அடக்க வேண்டும்.

கர்ப்பிணிகள் 28 வாரம் தாண்டியிருந்தால் பெரும்பாலான விமான நிறுவனங்கள் மருத்துவர் சான்று கேட்கும். வார எண்ணிக்கையையும் பிரசவத் தேதியையும் அதில் எழுதியிருக்க வேண்டும். திரும்பும் நாளில் எத்தனை வாரம் ஆகியிருக்கும் என்பதையும் இப்போதே கணக்குப் போடுங்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரமே ஆனவர்கள், ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்கள் விமான நிறுவனத்தின் மெடிஃப் எனப்படும் மருத்துவத் தகவல் படிவத்தை மருத்துவரிடம் நிரப்பி, புறப்படச் சில நாள் முன்பே அனுப்ப வேண்டும்.

அசல் சான்றுகள் எல்லாம் கைப்பையில், பாஸ்போர்ட்டோடு ஒரே உறையில் இருக்கட்டும். செக்-இன் பெட்டிக்குள் போட்டால் வேண்டிய நேரத்தில் கையில் இருக்காது. மஞ்சள் அட்டையின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அட்டை தொலைந்தால் அந்தப் படத்தில் உள்ள தேதியையும் பேட்ச் எண்ணையும் கொண்டு, ஊசி போட்ட அதே மையத்தின் பதிவேட்டில் பார்த்து நகல் கேட்கலாம். சென்னை திரும்பும்போது அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். குடியேற்றக் கவுன்டருக்கு முன்பாகவே சுகாதார மேசையில் கேட்பார்கள்.